பிடி விடப் பழகுகிறவர்களுக்கு

ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டும். உடனே மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மாதம் 3,000 ரூபாய், 20 மாதச் சீட்டு, 14 மாதம் கட்டியாயிற்று, ஆக 42,000. விடை தெரிந்த கணக்குதான். ஆனாலும் ஒவ்வொரு ராத்திரியும் எழுந்து உட்கார்ந்து பெருக்கிப் பார்ப்பேன், என்றைக்காவது தொகை மாறிவிடும் என்பதுபோல. குலுக்கல் சீட்டு நடத்திய அந்த அம்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போய் அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள். "விட்டுத் தள்ளுங்கக்கா. போனது போச்சு, இருக்கறதப் பாருங்க." நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் எதை விடுவது, எதில் தொடங்குவது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாதவளிடம் "ஜாக்கெட் தைச்சுக்கோ" என்று சொன்ன மாதிரி இருந்தது.

அதனால் இந்தக் கட்டுரையில் "எப்படி" என்பதை மட்டும் பேசலாம் என்றிருக்கிறேன். நான் டாக்டரும் இல்லை, சாமியாரம்மாவும் இல்லை. மதுரை வில்லாபுரத்தில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். முகூர்த்த நாட்களில் பூக்கடைக்குப் பூக் கட்டிக் கொடுப்பேன். தடுமாறிக் கற்றுக்கொண்டதை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தோதான வரிசையில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் மூன்று சொற்கள்

விடுதல் வேறு, விட்டுக்கொடுத்தல் வேறு, விட்டெறிதல் வேறு. நம் ஊரில் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

விட்டுக்கொடுப்பது, இன்னொருவருக்காக நம் பங்கைக் குறைத்துக்கொள்வது. பெண்பிள்ளைகளுக்கு இதைத் தொட்டிலிலிருந்தே சொல்லிக்கொடுத்தாயிற்று, நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. விட்டெறிவது கோபத்தில் நடப்பது. எறிந்ததை நாமே தேடிப் போய் எடுத்து வருவோம். விடுதல் என்றால் பிடியைத் தளர்த்துவது, அவ்வளவுதான். நடந்தது நடந்ததாகவே இருக்கும், பணம் போனது போனதாகவே இருக்கும். அதை இறுக்கிக்கொண்டிருக்கிற விரல்களுக்கு மட்டும்தான் இந்தப் பயிற்சி.

வீட்டில் அடிக்கிறார்கள், மிரட்டுகிறார்கள், சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றால் அது விட வேண்டிய விஷயமே இல்லை. பெண்கள் 181-க்குப் போன் செய்யலாம். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போய்விட்டது, உயிரோடு இருப்பதிலேயே பிடிப்பு இல்லை என்று தோன்றுகிறது என்றால், இதைப் படித்துக்கொண்டு உட்கார வேண்டாம். மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416. காசில்லை, எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நம் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதுவும் சீட்டுதான், ஆனால் அதை நடத்துகிறவர் ஓடிப்போக மாட்டார்.

சாவுத் துக்கத்தையும் நான் தொடவில்லை. பதினாறாம் நாள், வருஷத் திதி என்று பெரியவர்கள் அதற்குத் தேதி போட்டே வைத்திருக்கிறார்கள்.

முதல் படி: ஐந்து நாள் எழுதுங்கள்

பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மனசில் கிடந்து உருளுவது எது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். மறுநாள், முந்தின நாள் எழுதியதைத் திருப்பிப் பார்க்காமல், அதே கேள்விக்கு இன்னொரு வரி. இப்படி ஐந்து நாள்.

நான் முதல் நாள் எழுதியது "42,000 ரூபாய்". இரண்டாம் நாளும் அதுவே. மூன்றாம் நாள் "அந்தம்மா என்னை ஏமாத்தினது". நான்காம் நாள் சோம்பலில் எழுதவில்லை. ஐந்தாம் நாள் பேனா தானாக வேறொன்றை எழுதியது: "நான் சேத்துவிட்ட ரெண்டு பேர்".

அங்கேதான் இருந்தது முள். எதிர்வீட்டு அக்காவையும் என் நாத்தனாரையும் அந்தச் சீட்டில் சேர்த்துவிட்டது நான். எட்டு மாதமாக எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நான் உள்ளே போய்விடுவேன். குப்பை போடக்கூட அவர்கள் வாசலில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போவேன். பணத்துக்காகத் தூக்கம் போகிறது என்று நினைத்துக்கொண்டு, இத்தனை நாளும் வேறு ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உங்களுக்கும் முதல் நாள் வருவது மேல்தோலாகத்தான் இருக்கும். "மகன் மார்க் எடுக்கவில்லை" என்று எழுதுவீர்கள். நாலாம் நாள் "கொழுந்தன் மகன் எடுத்துவிட்டான்" என்று வரும். வரட்டும். யாரிடமும் காட்ட வேண்டாம், ஐந்து நாள் முடிந்ததும் கிழித்துப் போட்டாலும் சரி. கைப்பிடிக்குள் இருப்பது எது என்று தெரியாமல் விரலைப் பிரிக்க முடியாது, அதற்காகத்தான் இந்த நோட்டு.

இரண்டாம் படி: கணக்கை முடியுங்கள்

மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு இருக்கிறது. இப்போது அது ரமண மந்திரம். 1896-ல் அந்த வீட்டு மாடியில்தான், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 16 வயது வேங்கடராமனுக்குத் திடீரென்று சாவு பயம் வந்தது. சில வாரங்கள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பிவிட்டார். ரமண மகரிஷி ஆனது பிறகு.

அந்தக் கதையில் எல்லாரும் சாவு பயத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிந்தைய சின்ன விஷயம். அண்ணனுடைய காலேஜ் சம்பளம் கட்ட வேண்டிய 5 ரூபாய் அன்று அவர் கையில் இருந்தது. ரயில் செலவுக்கு வேண்டும் என்று 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, மீதி 2 ரூபாயை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். சம்பளம் இன்னும் கட்டவில்லை, இதோடு 2 ரூபாய் இருக்கிறது என்பதையும் கடிதத்தில் எழுதிவைத்தார். உலகத்தையே விடப் போகிற பையன் பாக்கிக் கணக்கை எழுதிவைத்துவிட்டுத்தான் படியிறங்குகிறான். நாம் எம்மாத்திரம்?

அதனால் நோட்டில் கண்டுபிடித்த முள்ளுக்கு எதிரே, "இதில் நான் செய்யக்கூடியது என்ன" என்று எழுதுங்கள். மன்னிப்புக் கேட்பதா, கடன்காரரிடம் நேரில் பேசுவதா, பத்திரத்தை வக்கீலிடம் காட்டுவதா, டாக்டரிடம் போவதா. இரண்டோ மூன்றோதான் தேறும். அதைச் செய்துவிடுங்கள். செய்யாமல் வைத்துக்கொண்டு "விட்டுவிட்டேன்" என்று வாயால் சொன்னால் மனசு நம்பாது, இரண்டு மணிக்கு எழுப்பி விசாரிக்கும்.

நான் செய்தது இரண்டு. சீட்டு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து, பாதிக்கப்பட்ட ஏழெட்டுப் பேரோடு போய்ப் போலீஸில் புகார் கொடுத்து, புகார் வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினேன். (சீட்டு நடத்துகிறவர் 1982-ம் வருஷச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பணம் கட்டும் முன் பதிவு எண்ணைக் கேளுங்கள். எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்திருந்தாலும் தெரிந்த முகத்திடம் கேட்டிருக்க மாட்டேன்.)

இரண்டாவது வேலை கஷ்டமாக இருந்தது. எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ரசீதை நீட்டி, "என்னாலதானக்கா" என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வரவில்லை. அவர் ரசீதைப் பார்க்கவே இல்லை. "உக்காரு. நீயா என் கையப் புடிச்சு கட்டச் சொன்ன? பணம் போனதுகூட பரவால்ல, ஒன்னய எட்டு மாசமா காணமேன்னுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, கீரையில் பாதியை என் பக்கம் தள்ளினார். இருவரும் உருவி முடித்தோம்.

நாத்தனார் விஷயம் அப்படி முடியவில்லை. இன்றைக்கும் அந்தப் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதுவும் நடக்கும், எதிர்பார்த்துக்கொண்டே போங்கள். நம் பங்கு கேட்பதோடு முடிகிறது. கொடுப்பது அவர் பங்கு.

புகார், வழக்கு மாதிரி இழுக்கிற விஷயமானால் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் தினசரி கிழிக்கிற காலண்டர் இருக்கும். அதில் மூன்று மாதம் தள்ளி ஒரு தாளில் "விசாரிக்க வேண்டும்" என்று எழுதிவிடுங்கள். அந்தத் தாள் வரும்வரை அது காலண்டரின் பொறுப்பு.

மூன்றாம் படி: கவலைக்கு நேரம் குறியுங்கள்

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பார்கள் நம் பக்கத்தில். அதுவரை குரங்கு ஞாபகமே இருந்திருக்காது, அப்புறம் கிண்ணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். 1987-ல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் இதையே பரிசோதனையாகச் செய்து பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது வெள்ளைக் கரடி. அதை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி திரும்பத் திரும்ப வந்தது, பிறகு நினைக்கலாம் என்று விட்டதும் இன்னும் அதிகமாக வந்தது.

ஆகவே நினைக்காமல் இருக்க முயற்சி செய்யாதீர்கள். நினைப்பதற்கு ஒரு நேரம் கொடுங்கள். தினமும் கால் மணி நேரம். மற்ற நேரத்தில் அது வந்தால், "சாயங்காலம் ஆறரைக்கு வா" என்று சொல்லி அனுப்புங்கள். விரட்டாமல், கடன் கேட்டு வந்தவருக்குத் தேதி சொல்வதுபோல. ஆறரைக்கு உண்மையிலேயே உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். அதில் ஏமாற்றக் கூடாது. ஏமாற்றினால் மறுநாள் அது தேதியை மதிக்காது.

நான் முதலில் இதை விளையாட்டாக ராகு காலத்தில் வைத்துக்கொண்டேன். எப்படியும் நல்ல காரியம் எதுவும் தொடங்கப் போவதில்லை, அந்த நேரத்தைக் கவலைக்குக் கொடுப்போமே என்று. ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. ஆனால் ராகு காலம் தினம் ஒரு நேரம், திங்கட்கிழமை காலை ஏழரைக்கே வந்துவிடும். சட்னி அரைக்கிற நேரத்தில் உட்கார்ந்து கவலைப்பட முடியுமா? நிலையான நேரம்தான் சரிப்படுகிறது. படுக்கப் போவதற்குச் சற்று முன் மட்டும் வேண்டாம்.

கோபத்துக்கும் நாள் குறிக்கிற வழக்கம் நம் ஊருக்குப் புதிதில்லை. தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்கு வந்த கள்ளழகர், வருவதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது என்று கோபித்துக்கொண்டு, ஊருக்குள் நுழையாமல் வைகையோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது ஊர்க்கதை. வருஷா வருஷம் அதே கோபம்தான். ஆனால் பாருங்கள், அதற்கு ஒரு பாதை இருக்கிறது, மண்டகப்படி இருக்கிறது, ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம் இருக்கிறது. எல்லாம் முடிந்ததும் பூப்பல்லக்கில் ஏறி மலைக்குப் போய்விடுகிறார். வைகாசியில் யாரும் அவர் கோபத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

நடுவில் பொருட்களைப் பற்றி

விடுவது என்றதும் பலரும் முதலில் பரணை ஒழிப்பார்கள். நானும் ஒழித்தேன். பழைய இரும்புக் கடைக்கு இரண்டு சாக்கு போனது. வீடு நன்றாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வழக்கம்போல விழிப்பு வந்தது. மேலூர் பக்கம் மாங்குளம் மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள் இருக்கின்றன, வெட்டிக் கொடுத்தவர்கள் பெயரோடு, 2,000 வருஷத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டோடு. எல்லாம் துறந்தவர்களுக்கும் ஒரு படுக்கை வேண்டியிருந்தது. எனவே குக்கரை வைத்துக்கொள்ளுங்கள், பரணை அடுத்த பொங்கலுக்குப் பார்க்கலாம்.

நான்காம் படி: கைக்கு வேலை கொடுங்கள்

"இந்த நொடியில் இரு" என்று சொன்னால் தொடங்குகிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. நொடியைப் பிடிக்க முடியாது. பூவைப் பிடிக்கலாம். எனக்குத் தெரிந்த வேலையை வைத்துச் சொல்கிறேன்.

மல்லிகை மொக்கு கால் கிலோ வாங்குங்கள். வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து, மெல்லிசாகக் கிழித்துக்கொள்ளுங்கள். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மொக்கு இந்தப் பக்கம், இரண்டு மொக்கு அந்தப் பக்கம், காம்போடு காம்பு சேர்கிற மாதிரி. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, வளையம் போட்டு இழுக்க வேண்டும். அதிகம் இழுத்தால் காம்பு அறுந்து மொக்கு மடியில் விழும். தளர்ந்தால் சரத்தைத் தூக்கும்போது உதிரும். எவ்வளவு இழுப்பது என்று யாரும் வாயால் சொல்லித்தர முடியாது, காம்பு நாருக்குள் பதிகிற இடம் விரலுக்குத் தெரியும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மனசு 42,000-க்குப் போன அடுத்த முடிச்சிலேயே மொக்கு விழும். வேறு எந்தத் தியானத்திலும் இவ்வளவு சீக்கிரம் மாட்டிக்கொள்ள மாட்டோம். விழுந்த மொக்கை எடுத்து மறுபடி வையுங்கள், அவ்வளவுதான் பயிற்சி. போனதற்காக மனசைத் திட்ட வேண்டாம். மனசு போகிற பொருள்தான். ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர்கள் இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் போன் மூலம் அவ்வப்போது கேட்டுப் பார்த்ததில், விழித்திருக்கிற நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் செய்கிற வேலையை விட்டு மனசு வேறெங்கோ இருந்தது தெரிந்தது. அப்படி அலைகிற நேரத்தில் சந்தோஷம் குறைவாக இருந்ததும் தெரிந்தது. பாதி நேரம் எல்லாருக்கும் அப்படித்தான் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி.

பத்து நிமிஷம் கட்டுங்கள். எத்தனை முழம் என்று பார்க்காமல், எத்தனை தடவை போய்த் திரும்பி வந்தோம் என்று எண்ணுங்கள். முதல் நாள் எனக்கு முப்பதைத் தாண்டியது.

இன்னொன்று. பூ வியாபாரத்தில் நேற்று என்பது கிடையாது. காலையில் பறித்த மொக்கு சாயங்காலம் விரியும், மறுநாள் காலையில் துவளும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, உலகமெல்லாம் பெயர். ஆனாலும் நேற்றுக் கட்டிய சரத்தை மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை அழகாகக் கட்டினாலும் இன்றைக்குத்தான். அந்த வியாபாரத்தில் கையை வைத்துக்கொண்டே நான் போன வருஷத்துச் சீட்டை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பூக்கட்டத் தெரியாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம். வாசலில் புள்ளிக் கோலம் நல்லது, புள்ளி தப்பினால் உடனே தெரியும். தோசை ஊற்றுவதும் நல்லது. ஆண்கள் வண்டி துடைக்கிறேன் என்கிறார்கள். துடைத்துக்கொண்டே போனில் பேசாமல் இருந்தால் சரி.

ஐந்தாம் படி: போன் இல்லாத ஒரு மணி நேரம்

இதற்கு மதுரையில் தோதான இடம் மீனாட்சியம்மன் கோயில்தான். 2018 பிப்ரவரியில் கிழக்குக் கோபுரம் பக்கம் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததே, அதற்குப் பிறகு உயர் நீதிமன்ற உத்தரவுப்படி உள்ளே போன் கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். நம்மால் வீட்டில் ஒரு மணி நேரம் போனை ஒதுக்கி வைக்க முடியாது. இங்கே நீதிமன்றமே ஒதுக்கி வைக்கிறது.

சாமி கும்பிட்டுவிட்டுப் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காருங்கள். முதல் பத்து நிமிஷம் கை இடுப்புக்கும் பைக்கும் போய்ப் போய் வரும். நான் ஒரு தடவை எண்ணினேன், ஏழு முறை போனது. ஒரு முறை பையைத் திறந்தே பார்த்துவிட்டேன். உள்ளே டோக்கனும் குங்குமப் பொட்டலமும்தான் இருந்தன. பதினைந்தாவது நிமிஷத்தில் கை அடங்கும். அதற்கப்புறம்தான் காது திறக்கும். யாரோ குழந்தையை அதட்டுவது, மேளச் சத்தம், தண்ணீர்ப் பக்கமிருந்து வருகிற ஈரக் காற்று. மூன்று சத்தம், இரண்டு வாசனை, காலடியில் கல் சுடுகிறதா குளிர்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். மதியம் நடை சாத்தியிருக்கும், அதனால் சாயங்காலம் போங்கள்.

கோயிலுக்குப் போகாதவர்கள் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றலாம். 1645-ல் திருமலை நாயக்கர் கட்டியது. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். அங்கே போனைப் பிடுங்க ஆள் இல்லை, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். சுற்றி விற்கிற சுண்டலும் காளானும் இன்னொரு சோதனை. சாப்பிடுங்கள், ஆனால் நின்று, சூடாக, சாப்பிடுவதை மட்டும் செய்துகொண்டு.

சித்ரா பௌர்ணமிக்கு ஆற்றுக்குப் போனால் ஒரே ஒரு விஷயம். ராத்திரியெல்லாம் காத்துக் கிடந்து, பச்சைப் பட்டோ சிவப்புப் பட்டோ என்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, தங்கக் குதிரை தெரிகிற அந்த இரண்டு நிமிஷத்தில் போனைத் தூக்குகிறோம். முன்னால் நிற்பவரின் போனுக்குள் இருக்கிற அழகரை நம் போனில் படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். ஒரு வருஷம் கண்ணால் பார்த்துப் பாருங்கள். படம் உங்கள் மைத்துனர் அனுப்புவார், எப்படியும் அனுப்புவார்.

மறுபடி பிடித்துக்கொண்டால்

பிடிக்கும். போன ஐப்பசியில் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, அந்தச் சீட்டு அம்மாவைப் போலவே ஒருத்தர் மஞ்சள் பையோடு நடந்து போனார். அவர்தானா என்று இன்றுவரை தெரியாது. வயிறு சுண்டியது, உள்ளங்கை வேர்த்தது, 42,000 கண் முன்னால் வந்து நின்றது. நாலு வருஷப் பயிற்சியும் ஒரு மஞ்சள் பையில் போனது.

அந்த இடத்தில் தத்துவம் எதுவும் உதவாது, மூச்சு உதவும். தமிழில் மூச்சு விடுவது என்றுதான் சொல்கிறோம், இழுப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதில் விஷயம் இருக்கிறது. உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது சற்றுக் குறையும். நாலு எண்ணி இழுத்து, ஆறோ எட்டோ எண்ணி விடுங்கள். பத்து முறை. விடும்போது தோளும் இறங்கட்டும். "இது கோபம்" என்றோ "இது பயம்" என்றோ வாய்க்குள் பெயர் சொல்லுங்கள். செருப்புக்குள் கால் விரல்களை அசைத்துப் பாருங்கள். அதற்குள் பஸ் வந்துவிடும். எனக்கு வந்தது, ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தேன், அன்றைக்கு ஆறரை மணிக்கு அவரைப் பற்றி முழுசாகக் கால் மணி நேரம் கவலைப்பட்டேன்.

ஆறாம் படி: ஒன்பது நாள் வளர்த்துக் கரையுங்கள்

எங்கள் அம்மாவுக்கு மேலூர்ப் பக்கம் ஊர். அம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவார். அடி உடைந்த மண்பானையில் வைக்கோல் திணித்து, அதன்மேல் மண்ணும் பொடித்த சாணமும் பரப்பி, ஊறிய பயறைத் தூவி, இருட்டு அறையில் வைத்துவிடுவார்கள். குளிக்காமல் அந்த அறைக்குள் போகக் கூடாது. செருப்புக் கால் கூடாது, சண்டை கூடாது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பார்கள். ராத்திரி பெண்கள் கூடிக் கும்மியடிப்பார்கள். வெயில் படாததால் பச்சை பிடிக்காமல், வெளிச்சம் தேடி நெட்டுக்குத்தலாக, வெளிர் மஞ்சளாக முளை எழும்பி நிற்கும்.

எனக்கு எட்டு வயதில் அம்மா என்னையும் ஒரு சின்னப் பானைக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து முதலில் அதைத்தான் பார்ப்பேன். என் பானை அத்தை பானையைவிட உயரம் என்று பெருமை வேறு. கடைசி நாள் ஊரே தலையில் பாரியைத் தூக்கிக்கொண்டு ஊருணிக்கு வந்தது. அம்மா என் பானையை வாங்கி, முளையைக் கொத்தாகப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். நான் கரையில் புரண்டு அழுதேன்.

"ஏத்தா அழுகுற? கரைக்கத்தானத்தா வளத்தோம்."

எனக்கு அது பதிலாகவே தெரியவில்லை. வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டார்.

சீட்டு விவகாரத்துக்குப் பிறகு ஒரு தை மாதம், திருவிழா எதுவும் இல்லாமல், வீட்டிலேயே ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பார்த்தேன். தொடங்குகிறவர்களுக்கு நான் கடைசியாகச் சொல்வது இது. இதற்கு விரதம் வேண்டாம், கும்மி வேண்டாம். ஊர்ச் சாமி காரியத்தை வீட்டு விளையாட்டாக்குகிறோமோ என்று சங்கடப்பட்டால், முளைப்பாரி என்று பெயர் சொல்லாமல் வெறும் பயறு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

டப்பாவின் அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். பாதிக்கு மேல் மண், அதில் ஒரு கைப்பிடி மக்கிய எரு. பச்சைப்பயறு, தட்டாம்பயறு, மொச்சை, சோளம், கம்பு என்று வீட்டில் இருப்பதில் ஒவ்வொரு பிடி. தூவி, மேலே மண்ணை மெலிசாக மூடி, அலமாரிக்குப் பின்னாலோ கட்டிலுக்கடியிலோ இருட்டாக வையுங்கள். காலை, மாலை கையால் தண்ணீர் தெளியுங்கள். ஊற்றினால் அழுகும், மறந்தால் காயும். மூன்றாம் நாள் வெடிப்பு விடும். ஐந்தாம் நாள் நீங்களே இன்னொரு தடவை போய் எட்டிப் பார்ப்பீர்கள். ஏழாம் நாள் யாரிடமாவது காட்டத் தோன்றும். காட்டுங்கள். குறைத்து வளர்க்க வேண்டாம், எப்படியும் போகப் போகிறதுதானே என்று அசட்டையாகத் தண்ணீர் தெளித்தால் பத்தாம் நாள் விடுவதற்குக் கையில் ஒன்றும் இருக்காது.

பத்தாம் நாள் காலை அதைக் கொண்டுபோய்க் கரைத்துவிடுங்கள். பக்கத்தில் கண்மாயோ ஊருணியோ தண்ணீரோடு இருந்தால் அங்கே, டப்பாவைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லையென்றால் வாளித் தண்ணீரில் கரைத்து வாழைக்கோ வேப்பமரத்துக்கோ ஊற்றலாம். ஆட்டுக்குப் போட்டாலும் சரி. என் எதிர்வீட்டு அக்கா ஆட்டுக்குத்தான் போட்டார், ஆடு அரை நிமிஷத்தில் முடித்துவிட்டது. படம் எடுக்க வேண்டாம். எதையும் மனசில் நினைத்துக்கொண்டு கரைக்கவும் வேண்டாம், கடன்காரர் பெயரைச் சொல்லி அமுக்குகிற வேலையெல்லாம் கூடாது. முளையை மட்டும் கரைத்தால் போதும். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அன்றைய சமையலைப் பாருங்கள்.

நாளைக்குத் தூவ வேண்டுமானால் பயறை இன்றைக்கு ராத்திரியே ஊறப்போட வேண்டும். மொச்சை மட்டும் ஊற நேரம் எடுக்கும், அதைச் சாயங்காலமே தனியாகப் போட்டுவிடுங்கள்.